பன்னிரண்டு ரூபாய் மின்நூல்

புத்தகத்துக்கு விலை வைப்பது எப்படி என்று புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்களுக்கு என் சரித்திரம் தெரியாது போலிருக்கிறது. முப்பது வருஷம் புத்தகங்களுக்கு விலை போட்டவன் நான். அதில் பாதியைச் சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தாலும் அதே லட்சணத்தில்தான் இருந்திருக்கும். ஆனாலும் கூப்பிட்டுவிட்டார்கள், டீயும் சமோசாவும் கொடுத்துவிட்டார்கள். எழுதித்தான் ஆக வேண்டும்.

நீங்கள் மின்நூலின் விலையைக் காலையில் ஏற்றுகிறீர்கள், சாயங்காலம் இறக்குகிறீர்கள். போட்டிக்காரர் இரண்டு ரூபாய் குறைத்தால் உங்கள் திரையில் சிவப்பாக ஏதோ மின்னுகிறது, உடனே நீங்களும் குறைக்கிறீர்கள். எனக்கும் அப்படி ஒன்று மின்னியது. ஆனால் திரையில் இல்லை. என் போட்டிக்காரர் வண்ணாரப்பேட்டையில் கடை வைத்திருந்தார், ராயபுரத்தில் நாங்கள் குடிக்கும் அதே டீக்கடைக்கு வந்து என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

எங்கள் பதிப்பகம் ராயபுரத்தில், மீன்வலைக்கு நூல் விற்கும் ஒரு கடையின் மாடியில் இருந்தது. கதை கவிதை எல்லாம் எங்களிடம் கிடையாது. டிரைவிங் லைசென்ஸ் வழிகாட்டி, வயர்மேன் தேர்வு வழிகாட்டி, பாய்லர் தேர்வு வழிகாட்டி, இப்படி மனிதனுக்குச் சோறு போடுகிற புத்தகங்கள்தான். முதலாளியை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். அவருடைய அப்பா படகுகளுக்குக் கயிறு விற்றவர். பாய்க்குக் கயிற்றில் மனசு போகவில்லை, காகிதத்தில் போனது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கற்றுக்கொடுத்தார் என்றால் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார் என்று நினைக்காதீர்கள். நான் சொதப்புவேன், அவர் தலையில் அடித்துக்கொள்வார், அதுதான் பாடத்திட்டம்.

எங்கள் பாய்லர் வழிகாட்டியை எழுதியவர் ஏழுமலை. வியாசர்பாடிக்காரர். மணலியில் ஓர் ஆலையில் பாய்லர் ஓட்டுபவர். இருபது வருஷம் நீராவியோடு பழகியவர், அதைக் கேள்வியும் பதிலுமாக எழுதிக் கொடுத்தார். அந்தத் தேர்வில் அதிகாரி எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பார், வாயால் பதில் சொல்ல வேண்டும். கையில் வேலை தெரிந்த பலர் வாய் திறக்காமல் தோற்றுப்போவார்கள். ஏழுமலையின் புத்தகம் அந்த வாயைத் திறந்துவிடும். அறுபது ரூபாய், இருநூறு பக்கம், எண்ணெய்க் கறை படிந்தாலும் படிக்கலாம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. தெருவுக்கு இரண்டு பிரௌசிங் சென்டர் முளைத்திருந்தது. பாய் ஒருநாள் வந்து, பாய்லர் புத்தகத்தை சிடியில் போடலாம் என்றார். நீராவி போகும் குழாய் சிவப்பாக, தண்ணீர் போகும் குழாய் நீலமாக, படமெல்லாம் வண்ணத்தில் தெரியும். விலை தொண்ணூற்றொன்பது என்று அவரே போட்டார். அட்டையில் என்ன எழுதுவது என்று யோசித்து, 'பாய்லர் மின்நூல்' என்று கொட்டை எழுத்தில் போட்டவன் நான். அப்போது அந்தச் சொல் புதுசு, எனக்கு ஒரே பெருமை.

வந்தது வினை. மின் என்றால் கரண்ட், நூல் என்றால் புத்தகம். நாங்கள் வயர்மேன் வழிகாட்டியும் விற்கிறவர்கள். வயர்மேன் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அதைக் கரண்ட் புத்தகம் என்று வாங்கிப்போய், உள்ளே பார்த்தால் முழுக்க வெந்நீர். பாய்லர்காரர்கள் தொடவே இல்லை. வாசலில் 'மின்நூல் இங்கே கிடைக்கும்' என்று ஒரு போர்டும் வைத்திருந்தேன். கீழே நூல் கடை, மேலே என் போர்டு. காசிமேட்டிலிருந்து ஒரு மீனவர் மூச்சு வாங்க மாடியேறி வந்து, "மீன் நூலு எவ்ளோ கனத்துல கீது?" என்று கேட்டார். அவருக்கு சிடியை எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்த வெச்சி இன்னாத்த புடிக்கறது?" என்றார். நியாயமான கேள்வி. ஒரு வருஷம் கழித்தும் எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

இந்த நேரத்தில் பாய் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். நாற்பது நாள். கிளம்பும் அன்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "எல்லாத்தையும் நீதான் பாத்துக்கணும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்கோ. விலையில மட்டும் விட்டுக்குடுக்காத."

நான் தலையாட்டினேன். மூன்றாம் நாள் வண்ணாரப்பேட்டைக்காரர், எங்களைப் பார்த்து அவரும் போட்டிருந்த பாய்லர் சிடியை எழுபத்தைந்துக்கு இறக்கினார். விட்டுக்கொடுக்காதே என்று பாய் சொல்லியிருக்கிறாரே! நான் அறுபதுக்கு இறங்கினேன். அவர் ஐம்பது. நான் நாற்பது. டீக்கடையில் அவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன், இரண்டு பேரும் நேராக அச்சகத்துக்குப் போய்ப் புது ஸ்டிக்கர் அடிப்போம். ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி ஒட்டி, சிடி உறையில் விலை இருக்கும் மூலை மட்டும் வீங்கிப்போய்விட்டது. கடைசியில் நான் பன்னிரண்டு ரூபாய்க்கு வந்து நின்றேன். வெறும் சிடியே கிட்டத்தட்ட அந்த விலைதான்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் முட்டாள்தனம் என்று முடிந்திருக்கும். நான் சாமர்த்தியசாலி ஆயிற்றே, ஒருபடி மேலே போனேன். அச்சுப் புத்தகம் அறுபதில் கிடைக்கும்வரை யாரும் சிடியை வாங்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, புத்தகத்தைத் திரும்ப அச்சடிப்பதை நிறுத்தினேன். கடைகளில் இருந்ததையும் திரும்ப வாங்கிக் கட்டிப் போட்டேன், அது மழையில் நனைந்து போயிற்று. இனி எதற்கு என்று அச்சுத் தகடுகளைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டேன். எதிர்காலம் வந்துவிட்டது என்று நினைத்தேன். எதிர்காலம் வந்ததென்னவோ நிஜம், ஆனால் இன்னும் வியாசர்பாடிக்கு வந்து சேரவில்லை.

அதற்கப்புறம் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. மணலி பக்கம் ஒரு டீக்கடைக்காரர் வாரம் இருநூறு கேட்டார். எர்ணாவூரில் ஒரு பஞ்சர் கடை நூறு. பஞ்சர் கடையில் பாய்லர் புத்தகம் ஏன் போகிறது என்று ஒரு மனிதனுக்குச் சந்தேகம் வரவேண்டுமா இல்லையா? எனக்கு வரவில்லை. விற்கிறபோது யாருக்கும் வருவதில்லை, உங்களுக்கும் வராது. மக்காவிலிருந்து பாய் ஒரு நிமிஷம் பேசினார். "சிடி ரெண்டாயிரம் போயிடுச்சு பாய்" என்று கத்தினேன். "மாஷா அல்லாஹ்" என்றார். லைன் கட்டாகிவிட்டது.

அடுத்த வாரம் ஏழுமலை வந்தார். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறார், சட்டையெல்லாம் வியர்வை. மேஜைமேல் எங்கள் சிடி ஒன்றை வைத்தார். நடு ஓட்டையில் கம்பி கோர்த்திருந்தது, ஒரு பக்கம் முழுக்க டீசல் கரி.

"இது இன்னா தெரியுதா சார்?"

"நம்ம மின்நூல்."

"டேங்கர் லாரி பின்னாடி தொங்கினுகீது. லைட் பட்டா பளபளன்னு மின்னுதாம். ரிப்ளெக்டர் ஸ்டிக்கர் இருவது ரூபாயாம், இது பன்னெண்டாம். மணலி ரோட்டுல பாதி லாரிங்க பின்னாடி நான்தான் தொங்கினுகீறேன். ஒருத்தன் ஜோடியா மாட்டிகீறான், ரெண்டு பக்கமும் என் பேரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வண்ணாரப்பேட்டைக்காரருடைய சிடி தொங்கவில்லையா என்றுகூடக் கேட்டுவிட்டேன். "அது மங்கலா கீதாம், டிரைவருங்களுக்கு நம்முதுதான் புட்ச்சிகீது" என்றார். அந்த ஒரு போட்டியில் நாங்கள் ஜெயித்திருக்கிறோம்.

ஏழுமலை சிரிக்கவில்லை. "சிரிச்சிட்டியா? இப்ப கேளு. கடையில புக்கு கெடைக்கல. எங்க போச்சு?"

சொன்னேன். நிறுத்திவிட்டோம், சிடிதான் இருக்கிறது, பன்னிரண்டே ரூபாய், அறுபதுக்கு இது எவ்வளவோ மலிவு என்று. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வியாசர்பாடிக்கு வா என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

போனேன். ஒரு பிரௌசிங் சென்டர். ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே படிக்கட்டில் எட்டுப் பேர். எல்லோரும் ஏழுமலையின் ஆலையில் பாய்லர் பக்கம் வேலை செய்யும் ஒப்பந்த ஆட்கள். ஆலையில் புது உத்தரவு வந்திருந்தது. வரும் தேர்வில் சான்றிதழ் வாங்காத ஒப்பந்த ஆள் அடுத்த மாதம் பாய்லர் பக்கம் நிற்கக்கூடாது. தேர்வுக்கு இருபது நாள் இருந்தது. பதினோரு பேருக்கும் சேர்த்து என்னுடைய ஒரு சிடி.

மௌஸைப் பிடித்திருந்தவர் பெயர் தாஸ். புளியந்தோப்பு, நாற்பது வயதிருக்கும். மௌஸை முட்டை போலப் பிடித்திருந்தார், பலமாக அமுக்கினால் உடைந்துவிடும் என்பது போல. ஒரு பக்கம் திரையில் வரும். மூன்று பேரும் நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் எழுதுவார்கள். மூன்று பேரும் முடித்தால்தான் அடுத்த பக்கம். ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மணி முடிந்தபோது ஒன்பது பக்கம் ஆகியிருந்தது. நடுவில் ஒருமுறை கரண்ட் போனது, அந்தக் கால் மணியையும் கடைக்காரர் கழிக்கவில்லை.

"பாத்துக்கினியா சார்?" என்றார் ஏழுமலை. "இருநூறு பக்கம். மணிக்கி ஒம்போது பக்கம். நீ பன்னெண்டு ரூபான்ற. எங்களுக்கு ஆளுக்கு நானூத்தம்பது ரூபா ஆவுது இந்த புக்கு. அதுவும் வூட்டுக்கு எட்த்துனு போவ முடியாது. பாய்லர் பக்கத்துல நின்னு ஒரு தபா பெரட்டிப் பாக்க முடியாது."

முப்பது வருஷத்தில் என் முகத்தில் அறைந்தது மாதிரி ஒரு கணக்கு என்றால் இதுதான். நான் போட்டது உறையின்மேல் இருக்கும் விலை. படிக்கிறவன் கொடுக்கும் விலை என்று ஒன்று தனியாக இருக்கிறது, அதை நான் ஒருநாளும் கூட்டிப் பார்க்கவில்லை. நாங்கள் இரண்டு பேர் வண்ணாரப்பேட்டைக்கும் ராயபுரத்துக்கும் நடுவில் விலையைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் அந்தப் பதினோரு பேருக்கு ஏழு மடங்கு ஏற்றி வைத்திருந்தோம். நான் வெட்கப்பட்டேன். அதை இங்கே அலங்காரம் பண்ணிச் சொல்ல விரும்பவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

தாஸ் திரும்பி என்னைப் பார்த்து, "நீங்கதான் புக்குக்காரரா சார்? படமெல்லாம் ஷோக்கா கீது" என்றார். அதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

இனி நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். புத்தகம் அச்சடிக்க வேண்டும், இருபது நாளுக்குள். தகடு இல்லை, நான்தான் எடைக்குப் போட்டேனே. காகிதம் இருந்தது, ஆனால் அது டிரைவிங் லைசென்ஸ் வழிகாட்டிக்காக பாய் வாங்கி வைத்துவிட்டுப் போனது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே டிரைவிங் வழிகாட்டியால்தான். அது ஒரு மாதம் கடையில் இல்லையென்றால் அந்த இடத்தில் வண்ணாரப்பேட்டைக்காரர் பாய் விரித்துப் படுத்துவிடுவார். பாயைக் கேட்கலாமென்றால் அவர் மக்காவுக்கு வெளியே மினாவில், ஹஜ் கூடாரத்தில் இருக்கிறார், போன் எட்டாது. கேட்காமல் எடுத்தால் வேலை போகலாம். எனக்கு அப்போது இரண்டு பெண்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

வீரமாக முடிவெடுத்தேன் என்று நினைக்காதீர்கள். ஒருநாள் முழுக்கத் தள்ளிப்போட்டேன். மறுநாள் அச்சகத்துக்கு போன் போட்டு, டிரைவிங் காகிதத்தை எடுத்துப் பாய்லர் புத்தகம் அடிக்கச் சொன்னேன்.

விலை என்ன போடுவது என்று கேட்க ஏழுமலையைக் கூப்பிட்டேன். குற்ற உணர்ச்சியில் நாற்பது போடலாம் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பன்னெண்டு ரூபா போட்டு லாரியில தொங்கவுட்ட. இப்ப நாப்பது போட்டு எங்க தொங்கவுடப் போற? கம்மியா போட்டா பர்மா பஜார் டூப்ளிகேட் சரக்குன்னு நெனச்சிக்குவானுங்க. அவசரமா அடிக்கிற, அதுக்கு இன்னா ஆவுதோ அத்த போடு."

கூட்டிப் பார்த்தால் தொண்ணூறு வந்தது. பழைய விலையைவிட முப்பது ரூபாய் அதிகம். வண்ணாரப்பேட்டைக்காரர் அப்போது பத்து ரூபாயில் நின்றார். நான் தொண்ணூறு போட்டேன். மிச்சமிருந்த சிடிகளைப் பின்னட்டையில் ஒரு பை ஒட்டி அதில் செருகினோம். அட்டையில் 'மின்நூல்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, 'படங்களை மட்டும் கம்ப்யூட்டரில் பாருங்கள், ஒரு மணி நேரம் போதும்' என்று போட்டேன். நான் எழுதிய விளம்பரங்களிலேயே பொய் இல்லாத ஒன்று அது. தகடு புதிதாகப் போட்டு, பைண்டிங் முடிந்து கைக்கு வரும்போது தேர்வுக்கு நாலு நாள்தான் இருந்தது. முதல் கட்டை நானே பஸ்ஸில் வைத்து வியாசர்பாடிக்குக் கொண்டுபோனேன். பதினோரு பேரும் காசு கொடுத்து வாங்கினார்கள். டீக்கடைச் சந்தையைத்தான் இழந்தோம். தொண்ணூறு ரூபாய்க்கு லாரியில் தொங்கவிட எந்த டிரைவருக்கும் மனம் வரவில்லை.

பாய் பேரீச்சம்பழத்தோடு திரும்பி வந்தார். அவர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"நான் போவும்போது இன்னா சொல்லிட்டுப் போனேன்?"

"விலையில விட்டுக்குடுக்காதன்னு சொன்னீங்க பாய்."

"நீ இன்னா பண்ண?"

"விட்டுக்குடுக்கலையே பாய். அவர் எவ்ளோ கீழ போனாலும் அதுக்கும் கீழ போனேன்."

பாய் என்னையே பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். தலையிலிருந்த தொப்பி சாய்ந்து விழுந்தது, அதை எடுக்காமல் சிரித்தார். "அடேய், வெலையக் கொறைக்காதன்னு சொன்னேன்டா! எவன் கேட்டாலும் எறங்காதன்னு சொன்னேன்! நீ அவங்கூட ஓட்டப்பந்தயம் ஓடினியா?" அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. விலை பேசுகிற தொழிலில் இருப்பவன் நான்.

சிரித்து முடித்ததும் டிரைவிங் காகிதத்தைப் பற்றிக் கேட்டார். நான் ராஜினாமாவை எழுதிச் சட்டைப்பையில் தயாராகவே வைத்திருந்தேன். "கேக்காம எட்த்தியே, அதான் நீ இந்த நாப்பது நாள்ல செஞ்ச உருப்படியான வேலை" என்றார். பிறகு, தகடுகளை எடைக்குப் போட்டதற்கு அரை மணி நேரம் திட்டினார். அது நியாயம்.

தேர்வில் பதினோரு பேரில் பத்துப் பேர் தேறினார்கள். ஏழுமலை இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். நான் எண்ணிக்கையைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பதினொன்றாவது ஆள் யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்து அவரே மாடியேறி வந்தார். தாஸ். பாய்லர் பக்கத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள், பீப்பாய் உருட்டுகிறேன், கூலி பாதிதான் என்றார். குறை சொல்வது போல இல்லை, பஸ் தாமதமாக வந்ததைச் சொல்வது போலச் சொன்னார். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல பாத்து ஆறு பாடம் எயுதி வெச்சிருந்தேன் சார், அது தலகீய் பாடம். புக்கு வந்த நாலு நாளும் எனக்கு டபுள் ஷிப்ட்டு. ஏயாவது பாடத்த தொறக்கவே இல்ல. அந்த ஆபீசரு மொதல்லேந்து கடைசி வரிக்கும் ஏயாவது பாடத்துலேயே கேட்டாரு."

இன்னும் பத்து நாள் முன்னால் அந்தப் புத்தகம் கடையில் இருந்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு அப்படி ஒரு நினைப்பே வரவில்லை என்றுதான் தோன்றியது.

"என் புக்கு மச்சான் எட்த்துனு போயிட்டான், அவனும் எயுதப் போறான். எனக்கு வேற ஒண்ணு வேணும். அடுத்த தபா வுட மாட்டேன். எவ்ளோ சார்?"

எத்தனை ஆயிரம் தடவை அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவன் நான். அன்றைக்கு மட்டும் விலை சொல்லவில்லை. வேண்டாம், சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினேன். அவர் முகம் சுருங்கியது. "நான் ஓசிக்கா சார் வந்தேன்?" என்றார். புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையில் பார்த்தார், தொண்ணூறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், சட்டைப்பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்து மேஜைமேல் வைத்தார்.

பீப்பாய் உருட்டிய பணம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வாங்கிக்கொண்டேன்.